மரத்தில் பிறந்த சவ்வு: தண்ணீரை வடிக்கும், இரத்தத்தையும் வடிக்கும்



சில மாதங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சம்பளம் போட்ட கையோடு, எமது தோட்டத்து லயத்துக்கு ஒரு கம்பனியின் விற்பனைக்காரர் இருவர் வந்தார்கள். தண்ணீர் சுத்தம் செய்யும் மெசின் விற்க வந்தவர்கள். பிரட்டுக்களத்தில் மேசை போட்டு இரண்டு கிளாஸ் வைத்தார்கள். ஒன்றில் எமது பீலித் தண்ணீர். மற்றதில் அவர்களுடைய மெசினில் வடித்த தண்ணீர். இரண்டிலும் கம்பி பூட்டிய ஒரு கருவியை இறக்கி கரண்ட் கொடுத்தார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, பீலித் தண்ணீர் துருப்பிடித்த தகரம் மாதிரிப் பழுப்பாகி, மேலே அழுக்கு மிதந்தது. மெசின் தண்ணீர் கண்ணாடி போல அப்படியே இருந்தது. "இதைத்தான் இவ்வளவு நாளும் பிள்ளைகளுக்குக் குடுத்தீங்க" என்றார் வந்தவர்.

கூடி நின்ற தாய்மாருக்கு நெஞ்சு பதறியது. அன்றே மூன்று குடும்பங்கள் முற்பணம் கட்டின. ஒரு அம்மா காதுத் தோட்டை அடகு வைத்துக் கட்டினார். மிச்சத்தை மாதா மாதம் கட்ட வேண்டும். நாமும் அந்த இடத்தில்தான் நின்றோம். தண்ணீர் ஏன் நிறம் மாறியது என்று எமக்கும் சொல்லத் தெரியவில்லை. தெரியாததால் வாயைத் திறக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை.

பிறகு பொதுச் சுகாதார பரிசோதகரிடமும், பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் ஒருவரிடமும் கேட்டு, சில புத்தகங்களையும் வாசித்து விஷயத்தை விளங்கிக்கொண்டோம். அந்த மெசினுக்குள் இருக்கும் முக்கியமான சாமான் ஒரு மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வு முதலில் எதில் செய்யப்பட்டது என்று தெரிந்தபோது எமக்கே ஆச்சரியமாக இருந்தது. மரத்திலும் பஞ்சிலும்! அந்தக் கதையிலிருந்தே தொடங்குவோம்.

சல்லடையும் சவ்வும்

தேயிலை ஸ்டோரில் வேலை செய்கிறவர்களுக்குச் சல்லடையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பெரிய தூள் மேலே நிற்கும், சின்னத் தூள் கீழே விழும். கண்ணின் அளவை மாற்றினால் பி.ஓ.பி. வேறு, டஸ்ட் வேறு என்று பிரியும். சவ்வு என்பதும் ஒரு வகைச் சல்லடைதான். ஆனால் அதன் கண்கள் எமது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை.

எவ்வளவு சிறியவை? ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு மைக்ரோன். எமது தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன். இரத்தத்தில் உள்ள சிவப்பு அணு 7 மைக்ரோன். வயிற்றோட்டம் கொடுக்கும் பக்டீரியாக் கிருமி ஒன்றிரண்டு மைக்ரோன். தண்ணீரில் கரைந்து போன உப்போ இவை எல்லாவற்றையும் விட ஆயிரக்கணக்கான மடங்கு சிறியது. அதனால்தான் துணியால் வடித்தால் இலை தழை நிற்கும், உப்பு நிற்காது. கடல் தண்ணீரைச் சேலையில் நூறு தடவை வடித்தாலும் கரிப்புப் போகாது.

அட்டையும் உப்பும்

மழைக் காலத்தில் ரத்தோட்டை, எல்கடுவ பக்கத்து மலைகளில் கொழுந்து எடுக்கிறவர்களுக்கு அட்டையும் தெரியும், அதற்கு உப்பும் தெரியும். காலில் ஏறிய அட்டையின் மேல் உப்பைத் தூவினால் அது சுருண்டு விழுகிறது. ஏன்? உப்பு அதைச் சுடுவதில்லை. அட்டையின் உடம்பில் இருக்கும் தண்ணீர், அதன் தோல் வழியாக, உப்பு அதிகமாக உள்ள பக்கத்துக்கு வெளியேறுகிறது. தண்ணீர் போனதும் அட்டை வற்றிச் சுருங்குகிறது.

எலுமிச்சங்காயை உப்புப் போட்டு ஊற வைத்தால் ஜாடியில் தண்ணீர் ஊறி நிற்பதும் இதே காரணத்தால்தான். மெல்லிய தோல் ஒன்று நடுவில் இருந்தால், தண்ணீர் உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து உப்புக் கூடிய பக்கத்துக்குப் போகும். பாடசாலைப் புத்தகத்தில் இதற்குப் பிரசாரணம் என்று பெயர்.

இப்போது இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். உப்புத் தண்ணீர் இருக்கும் பக்கத்தை மோட்டரால் பலமாக அழுத்தினால் என்ன நடக்கும்? தண்ணீர் எதிர்ப்பக்கமாக, நல்ல தண்ணீர் இருக்கும் பக்கத்துக்குத் தள்ளப்படும். உப்பு பின்னால் நின்றுவிடும். இதைத்தான் 'ஆர்.ஓ.' என்கிறார்கள். வில்கமுவ பக்கம் போனவர்கள் இந்தப் பெயரைக் கட்டாயம் கேட்டிருப்பீர்கள்.

மிட்டாய்த் தாள் இரத்தத்தை வடித்த கதை

செடி, கொடி, மரம் எல்லாவற்றுக்கும் உடம்பாக இருக்கும் பொருள் செலுலோசு. பஞ்சு கிட்டத்தட்ட முழுவதும் செலுலோசுதான். மரத்தில் பாதியளவு அதுவே. கரும்பிலையில், வாழை நாரில், நாம் கிள்ளும் கொழுந்தில் எல்லாம் அது உண்டு. சீனியைப் போன்ற சிறு சிறு துண்டுகள் ஆயிரக்கணக்கில் மாலை போலக் கோர்த்து வருவதே செலுலோசு. இப்படிக் கோர்த்து வரும் பொருளைப் பொலிமர் என்பார்கள். பொலித்தீனும் பொலிமர், றப்பரும் பொலிமர். ஆனால் பொலித்தீன் பூமி எண்ணெயிலிருந்து வருவது. செலுலோசும் றப்பரும் மரம் கொடுப்பவை.

சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பிரண்டன்பேர்கர் என்ற இரசாயனக்காரர் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தபோது, மேசைத் துணியில் வைன் கொட்டியதைப் பார்த்தாராம். தண்ணீர் ஒட்டாத துணி செய்ய முயன்று, மரக்கூழைக் காரத்தில் கரைத்து மெல்லிய பளிங்குத் தாளாக இழுத்தார். 1912ஆம் ஆண்டளவில் அதற்கு உரிமப் பத்திரமும் எடுத்தார். அதுதான் செலோபேன். மிட்டாய் சுற்றவும், சிகரெட் பெட்டி மூடவும், இறைச்சி அடைத்துச் செய்யும் சொசேஜுக்கு உறையாகவும் அது பயன்பட்டது.

பிறகு நடந்ததுதான் பெரிய விஷயம். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில், ஜேர்மன் படை பிடித்து வைத்திருந்த ஒல்லாந்து நாட்டில், கம்பன் என்ற சிறு ஊரில் வில்லெம் கொல்ஃப் என்ற டொக்டர் இருந்தார். சிறுநீரகம் கெட்டவர்கள் தன் கண் முன்னே இறப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. சொசேஜ் உறையாக வந்த செலோபேன் குழாயை ஒரு உருளையில் சுற்றி, அதற்குள்ளே நோயாளியின் இரத்தத்தை ஓடவிட்டு, வெளியே உப்புக் கலந்த தண்ணீரில் அந்த உருளையைச் சுழல விட்டார். இரத்தத்தில் உள்ள கழிவு உப்பு சிறியது. அது செலோபேனின் நுண்ணிய கண் வழியாக வெளியே போனது. இரத்த அணு பெரியது, அது உள்ளே நின்றது. 1943இல் தொடங்கிய முயற்சியில் முதலில் வந்த நோயாளிகள் பிழைக்கவில்லை. 1945இல் ஒரு வயதான அம்மா உயிர் பிழைத்தார். இன்று உலகம் முழுவதும் நடக்கும் 'டயலிசிஸ்' என்ற இரத்தச் சுத்திகரிப்புக்கு அதுவே தொடக்கம்.

மிட்டாய் சுற்றும் தாள் ஒரு உயிரைக் காப்பாற்றியது என்றால் நம்ப முடிகிறதா? மரத்தில் பிறந்த ஒரே சவ்வுதான் இத்தனை வேலையும் செய்தது.

உப்பைப் பிரித்த தமிழ்ப் பெயர்

அடுத்த கதையில் எமக்குப் பழக்கமான ஒரு பெயர் வருகிறது. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், சிட்னி லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த ஸ்ரீநிவாச சௌரிராஜன் என்பவரும் சேர்ந்து கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்க முயன்றார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது செலுலோசு அசற்றேற்று. பஞ்சையோ மரக்கூழையோ, வினாகிரிக்குப் புளிப்பைத் தரும் அசற்றிக் அமிலத்தின் இனத்தைச் சேர்ந்த சரக்குகளோடு சேர்த்துச் செய்வது அது.

அந்தப் பொருள் உப்பைத் தடுக்கும் என்று ஏற்கனவே வேறு சிலர் கண்டிருந்தார்கள். ஆனால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. தோல் தடிப்பாக இருந்தால் தண்ணீர் போகாது. மெல்லிதாக இருந்தால் கிழிந்துவிடும். லோப், சௌரிராஜன் இருவரும் செய்த உபாயம் என்னவென்றால், மேலே மிக மெல்லிய இறுக்கமான தோல், அடியில் கடற்பஞ்சு போலத் துளை நிறைந்த தடிப்பான தாங்கல், இரண்டும் ஒரே சவ்வில். உப்பைத் தடுப்பது மேல் தோல். பாரத்தைத் தாங்குவது கீழ்ப்பகுதி. தண்ணீர் முன்னைவிடப் பல மடங்கு வேகமாக வந்தது.

1965இல் கலிபோர்னியாவில் கோலிங்கா என்ற ஊரில் இந்தச் சவ்வைக் கொண்டு ஊர் மக்களுக்குத் தண்ணீர் கொடுக்கத் தொடங்கினார்கள். அது கிணற்றுத் தண்ணீர் கரித்ததால் ஒரு காலத்தில் குடிதண்ணீரை ரயிலில் இறக்கிய ஊர்.

இன்று ஆர்.ஓ. மெசின்களில் வரும் சவ்வு பெரும்பாலும் பூமி எண்ணெயிலிருந்து செய்யும் வேறு பொலிமர். மரச்சவ்வு சில வேலைகளுக்கு மட்டும் இன்னும் பாவனையில் இருக்கிறது. கடையில் நாம் 'செலோபேன்' என்று கேட்டு வாங்கும் தாளும் இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். உண்மையான செலோபேன் மண்ணில் மக்கிப் போகும், பிளாஸ்டிக் மக்காது. 2017 செப்தெம்பர் 1ஆம் திகதி முதல் எமது நாட்டில் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீனுக்குத் தடை வந்தது நினைவிருக்கும். மக்கும் சவ்வைத் தேடி விஞ்ஞானிகள் மறுபடியும் மரத்திடமும் செடியிடமும் திரும்பி வந்திருக்கிறார்கள்.

எமது மாவட்டத்தில் யாருக்கு இது தேவை?

மாத்தளை மாவட்டம் ஒரே மாதிரியான பூமி அல்ல. நக்கிள்ஸ் மலைச்சாரலில் மழை, ஊற்று, ஓடை. வடக்கே தம்புள்ளை, கிழக்கே வில்கமுவ என்று இறங்கினால் உலர்ந்த பூமி, ஆழக் கிணறு. அங்கே பல இடங்களில் தண்ணீர் கடினமானது. சோறு வேகும் பானையில் வெள்ளைக் காறல் படியும். புளோரைட்டு என்ற உப்பும் பல கிணறுகளில் கூடுதலாக உண்டு. ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதற்கு மேல் போனால் வளரும் பிள்ளைகளின் பல்லில் கறை விழும்.

காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்று ஒன்று 1990களில் வடமத்திய மாகாணத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. எமது மாவட்டத்தின் வில்கமுவவும் அந்த நோயால் பாதிக்கப்பட்ட பிரதேசம். பெரும்பாலும் வயலில் உழைக்கும் ஆண்களுக்கு வருகிறது. கடினத் தண்ணீரும் புளோரைட்டும், விவசாய இரசாயனம், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது என்று பல காரணங்களை ஆராய்கிறார்கள். இதுதான் என்று ஒன்றை இன்னும் உறுதி செய்யவில்லை. ஆனாலும் தண்ணீரை மாற்றிக் கொடுப்பது நல்லது என்று, பாதிக்கப்பட்ட ஊர்களில் ஆர்.ஓ. நிலையங்களை அமைத்திருக்கிறார்கள். இலங்கைக் கடற்படையே நூற்றுக்கணக்கில் அமைத்திருக்கிறது. 2021இல் பொலன்னறுவையில் சிறுநீரக நோய்க்கென்றே தேசிய விசேட வைத்தியசாலையும் திறக்கப்பட்டது.

டயலிசிஸ் செய்பவர்களுக்கும் இந்தச் சவ்வு இல்லாமல் நாள் ஓடாது. வாரத்தில் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் நான்கு மணித்தியாலம். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 120 லீற்றர் மிகச் சுத்தமான தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரைத் தயாரிப்பது ஆர்.ஓ. சவ்வு. இரத்தத்தை வடிப்பது இன்னொரு சவ்வு.

ஆகவே ஆர்.ஓ. என்பது ஏமாற்று வேலை அல்ல. தேவையான இடத்தில் அது உயிர் காக்கும் சாமான். கேள்வி என்னவென்றால், எமது மலைத் தோட்டத்து லயத்துக்கு அது தேவையா?

கிளாஸ் ஏன் பழுப்பானது?

விஞ்ஞான ஆசிரியர் எமக்கு ஒரு சோதனை செய்து காட்டினார். கொதித்து ஆறிய சுத்தமான தண்ணீர் ஒரு கிளாஸில். அதில் ஒரு சிட்டிகை கறியுப்பு. இரண்டு இரும்பு ஆணிகளை ஒன்பது வோல்ற் பெற்றரியில் பூட்டி உள்ளே விட்டார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கலங்கி, பச்சைச் சாயல் காட்டி, பிறகு பழுப்பானது. "இதில் என்ன அழுக்கு இருந்தது?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை. பழுப்பாக வந்தது ஆணியின் துரு!

தண்ணீரில் உப்புச் சத்து இருந்தால் கரண்ட் ஓடும். கரண்ட் ஓடினால் இரும்பு கரைந்து துருவாகும். மெசினில் வடித்த தண்ணீரில் உப்புச் சத்து மிகக் குறைவு. அதனால் கரண்ட் மிகக் குறைவாகவே ஓடும், துருவும் அவ்வளவாக வராது. ஊற்றுத் தண்ணீரில் கல்லிலிருந்து வந்த கல்சியம், மக்னீசியம் கொஞ்சம் உண்டு. அவை உடம்புக்குத் தேவையானவை. விற்பனைக்காரர் காட்டியது எமது தண்ணீரின் அழுக்கை அல்ல, தன் கம்பியின் துருவை. (பிள்ளைகள் இதை வீட்டுக் கரண்டில் ஒருபோதும் செய்து பார்க்கக் கூடாது. உயிருக்கே ஆபத்து.)

அப்படியென்றால் பீலித் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா? கூடாது! அதில் பயப்பட வேண்டியது உப்பை அல்ல, கிருமியை. வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், செங்கமாரி எல்லாம் கிருமியால் வருபவை. கிருமிக்கு மருந்து நன்றாகக் கொதிக்க வைப்பது. அதற்கு விறகுதான் செலவு, முற்பணம் இல்லை.

மெசினுக்கு வேறு செலவும் உண்டு. கரண்ட் வேண்டும், தண்ணீர் அழுத்தம் வேண்டும், சவ்வையும் வடிகளையும் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும். வீட்டு மெசின் ஒரு லீற்றர் நல்ல தண்ணீர் தருவதற்கு இரண்டு மூன்று லீற்றரைக் கழிவாக வெளியே விடுவது வழக்கம். கோடையில் பீலியில் குடம் வைத்து வரிசையில் நிற்கும் எமக்கு இது கட்டுமா?

சேலைத் துணியும் செலுலோசுதான்

வடிப்பதற்கு எமது வீட்டிலேயே ஒரு செலுலோசுச் சல்லடை இருக்கிறது. பங்களாதேசத்தில் 65 கிராமங்களில் செய்த ஆராய்ச்சி ஒன்று 2003இல் வெளியானது. பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்துக் குளத்துத் தண்ணீரை வடித்துக் குடித்த கிராமங்களில் வாந்திபேதி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வாந்திபேதிக் கிருமி தண்ணீரில் வாழும் சிறு பூச்சிகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். துணி அந்தப் பூச்சியைப் பிடித்துவிடுகிறது. துவைத்துத் துவைத்துப் பஞ்சு பிரிந்த பழைய சேலையே புதியதைவிட நன்றாக வடித்தது.

ஆனால் தனியாக உள்ள கிருமி துணியில் நிற்காது. ஆகவே வடிப்பது முதல் வேலை, கொதிக்க வைப்பது இரண்டாவது வேலை. ஒன்று செய்தால் மற்றது வேண்டாம் என்று நினைக்கக் கூடாது.

நாம் கேட்டுக்கொள்வது

1. பழைய பருத்தித் துணியை நாலு மடிப்புக்குக் குறையாமல் மடித்துத் தண்ணீரை வடியுங்கள். அந்தத் துணியை நன்றாகக் கழுவி வெயிலில் காயப் போடுங்கள்.

2. குமிழ் விட்டுக் கொதிக்கும் வரை கொதிக்க வையுங்கள். மூடி போட்டு ஆற விடுங்கள். கையை விட்டு மொள்ளாமல் பிடி உள்ள அகப்பையால் எடுங்கள். பிள்ளைக் காம்பராவுக்குக் கொடுத்தனுப்பும் போத்தலிலும் இந்தத் தண்ணீரையே ஊற்றுங்கள்.

3. ஊற்றுக்கு மேலே மலசலகூடம், மாட்டுக் கொட்டில் கூடாது. மருந்தடிக்கும் தாங்கியை ஓடையில் கழுவக் கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மருந்து சாகாது. இதை மருந்தடிக்கும் தம்பிமார் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும்.

4. வில்கமுவ, தம்புள்ளை பக்கம் வயல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள், ஆர்.ஓ. நிலையம் உள்ள ஊர்களில் அந்தத் தண்ணீரையே வாங்கிக் குடியுங்கள். அந்தக் கிணற்று உப்பு கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் தடிக்கும். வெயிலில் தாகம் எடுக்கும் வரை காத்திராமல் அடிக்கடி குடியுங்கள்.

5. தண்ணீரில் சந்தேகம் வந்தால் எமது காரியாலயத்தில் சொல்லுங்கள். பொதுச் சுகாதார பரிசோதகர் மூலம் மாதிரி எடுத்துப் பரிசோதிக்க வழி செய்வோம். விற்க வந்தவர் செய்யும் சோதனை சோதனையாகாது.

6. தவணைக்கு எந்தச் சாமான் வாங்குவதானாலும் அன்றைக்கே கையெழுத்து வைக்காதீர்கள். ஒரு கிழமை பொறுத்து, நாலு பேரிடம் விசாரித்து முடிவு செய்யுங்கள்.

தோட்டை அடகு வைத்த அந்த அம்மாவிடம் விஷயத்தை விளங்கப்படுத்தினோம். "பிள்ளைக்கு நல்ல தண்ணி குடுக்கணும்னுதானே ஐயா செஞ்சோம்" என்றார். அதில் ஒரு பிழையும் இல்லை. பிழை, அன்று பதில் தெரியாமல் நின்ற எமது பக்கமும் இருக்கிறது. முற்பணத்தைத் திருப்பிக் கேட்டு மூன்று குடும்பங்களின் சார்பிலும் கடிதம் எழுதியிருக்கிறோம், இதை எழுதும் வரை பதில் வரவில்லை. அடுத்த மாதப் பிரட்டில் அந்த ஆணிச் சோதனையை எல்லோர் முன்னிலையிலும் ஆசிரியரைக் கொண்டு செய்து காட்டுவோம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.